தமக்கை உள்ளே நிற்கிறாள்

ஜூன் 6, 2022 – திங்கள்

பாத்திமுத்து வந்திருந்தாள். ஒரு காலத்தில் என்னிடம் சீட்டு கொடுத்துப் புத்தகம் எடுத்துப் போன பெண். இன்றைக்கு அதே கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவி. ஆகஸ்டில் 'நித்திலக்கோதை' நாடகத்துக்கு ஒரு கருத்தரங்கு நடத்துகிறாள். நான் கட்டுரை வாசிக்க வேண்டுமாம்.

"சினிமாவா வந்தத ஒருத்தர் பேசுதாங்க, மேடையில வந்தத ஒருத்தர் பேசுதாங்க. எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துச் சொல்ல ஆளில்ல மேடம். நாலு வடிவம் கெடச்சிருக்கு. நாலையும் நீங்கதான் பாக்கணும்."

"நான் லைப்ரேரியன்மா. விமர்சகர் இல்ல."

"அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்தேன். விமர்சகங்க பாதி பாத்துட்டே எழுதிருவாங்க."

சரி என்றேன். ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. பாளையங்கோட்டையில் இந்தப் பெரிய வீட்டில் ஒருத்திக்கு என்ன வேலை இருக்கிறது?

நாடகம் எனக்குப் பாராமலே சொல்ல வரும். நூறு வருடத்துக்கு முன் ஒரு தாசில்தார் எழுதியது. கொற்கையில் ஒரு முத்து வணிகன், அவனுக்கு இரண்டு பெண்கள். இளையவள் நித்திலக்கோதை ஒரு தோணிக்காரனோடு போய்விடுகிறாள். ஒரு மழைநாளில் திரும்பி வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கவில்லை. அவள் கடலை நோக்கி நடந்துவிடுகிறாள். மூத்தவளுக்கு நாடகம் முழுவதும் பெயரே கிடையாது. 'தமக்கை' என்றுதான் வரும். வசனமும் கிடையாது. கடைசிக் காட்சியில் தாசில்தார் அவளுக்காக ஒரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: "தமக்கை உள்ளே நிற்கிறாள்."

போகும்போது பாத்திமுத்து, "மேடம் ஒத்தப் புள்ளைங்கிறதால அப்பாவோடயே இருந்துட்டீங்க, இல்ல?" என்றாள். நான் திருத்தவில்லை.


ஜூன் 9 – வியாழன்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. வால்வு பழுதாம். இரண்டு மணி நேரம் போனது.


ஜூன் 13 – திங்கள்

முதல் வடிவம் பார்த்தேன். 1954-ஆம் வருடத் திரைப்படம். பாத்திமுத்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். படச்சுருள் பல இடத்தில் வெந்துபோயிருக்கிறது. முகங்கள் வெள்ளையாகக் கரைந்து போய் வருகின்றன.

தமக்கையே இல்லை! பாத்திரத்தையே எடுத்துவிட்டார்கள். உள்ளே தகப்பன் மட்டும். நித்திலக்கோதை இரண்டு தட்டுத் தட்டுகிறாள், தகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து கதவைத் திறக்கிறார், தோணிக்காரனையும் சேர்த்து மூன்று பேரும் தோணியில் ஏறிப் பாடிக்கொண்டே போகிறார்கள். கடைசியில் மங்களம்.

குறிப்பு: மூலத்துக்கு அறவே பொருந்தாத முடிவு. ஆனால் கதவு திறந்தபோது கை தட்டிவிட்டேன். தனியாக உட்கார்ந்து கை தட்டுகிறோம் என்று பிறகுதான் உறைத்தது.


ஜூன் 15 – புதன்

வாசல்கதவுக்கு அடியில் வைக்க ஒரு நீளமான கால்மிதி வாங்கினேன். கதவுக்கும் படிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. பூரான் வருகிறது.


ஜூன் 20 – திங்கள்

இரண்டாவது வடிவம். 1976-இல் சென்னையில் ஒரு சபாக் குழு நூறு தடவைக்கு மேல் போட்ட நாடகம். காட்சியாக எதுவும் கிடைக்கவில்லை, ஒலிநாடா மட்டும். அரங்கத்தில் ஆள்கள் இருமுவதும் சிரிப்பதும் நன்றாகக் கேட்கிறது.

இதில் தமக்கை உண்டு, வசனமும் உண்டு. பொறாமைக்காரி. தங்கைக்கு வாழ்வு கிடைத்துவிட்டதே, தனக்குக் கிடைக்கவில்லையே என்று புழுங்குகிறவள். கடைசிக் காட்சியில், "தட்டடி, தட்டு! கை வலிக்கும்வரைக்கும் தட்டு!" என்கிறாள். அரங்கம் சிரிக்கிறது.

மலிவான கற்பனை. ஒரு பெண் கதவைத் திறக்காததற்குப் பொறாமைதானா காரணம்? ஆண்கள் எழுதினால் இப்படித்தான். கட்டுரையில் மூன்று வரிக்கு மேல் இதற்கு இடம் தரப்போவதில்லை.


ஜூன் 24 – வெள்ளி

கல்லூரிக்குப் போயிருந்தேன். பாத்திமுத்து டீ வாங்கிக் கொடுத்தாள்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். தமக்கை ஏன் தொறக்கல?"

"தகப்பன் சொல்லும்மா. அந்தக் காலத்துல தகப்பன் வேண்டாம்னா வேண்டாம்தான்."

"ஆனா அந்தக் காட்சியில தகப்பன் மேடையில இருக்காரா? தாசில்தார் தமக்கை நிக்கான்னு மட்டுந்தான எழுதியிருக்காரு."

"எழுதலேன்னா இல்லேன்னு அர்த்தமா? வீடு அவரோடது."

அவள் தலையாட்டினாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அப்பா தலைமையாசிரியராக இருந்தவர். அதட்டியோ அடித்தோ நான் பார்த்ததில்லை. "அந்தப் பேர இந்த வீட்டுல இனிமே சொல்லப்பிடாது" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அதன்பிறகு பதினான்கு வருடம், அவர் கண்ணை மூடும்வரை, நாங்கள் சொல்லவில்லை.


ஜூலை 4 – திங்கள்

மூன்றாவது வடிவம். 1987-இல் தொலைக்காட்சியில் பதின்மூன்று வாரம் வந்த தொடர். கடைசி வாரத்தை இரண்டு முறை பார்த்தேன்.

நான்கில் இதுதான் சிறந்தது என்று இப்போதே சொல்லிவிடலாம். இதில் தகப்பன் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறான். தமக்கை அவன் காலில் விழுகிறாள், கதறுகிறாள், கதவில் தலையை மோதுகிறாள். வெளியே தங்கை, உள்ளே தமக்கை, இருவர் உள்ளங்கையும் ஒரே பலகையின் இரண்டு பக்கத்திலும். நித்திலக்கோதை போன பிறகு தமக்கை தரையில் சரிகிறாள். முதல் தடவையாக ஒருவர் இந்தப் பெண்ணுக்கு நியாயம் செய்திருக்கிறார். ஆறு பக்கம் எழுதினேன். பேனா நிற்கவே இல்லை.

இதே தொடரை அன்றைக்கு லீதியாளோடு சேர்ந்து பார்த்தேன். அப்பா ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதற்குள் பார்த்துவிட்டு அணைத்துவிடுவோம். கடைசி வாரம் அவள் சிரித்தாள். "எதுக்குக்கா இந்த அழுகை அழுதா? சாவியப் புடுங்க வேண்டியதுதான?" என்றாள்.

லீதியாள் என் தங்கை. எனக்கு ஐந்து வயது இளையவள். 1989-இல் ஒரு நாடகக் குழுவில் மத்தளம் வாசிக்கும் கதிரேசன் என்பவரோடு போய்விட்டாள். திண்டுக்கல் பக்கம். வேறு மதம், வேறு சாதி. 2011-இல் காலமானாள். கார்டு வந்தது. அந்த வாரம் கல்லூரியில் தரமதிப்பீட்டுக் குழு வந்திருந்தது, போக முடியவில்லை.

இடையில், 1990-இல், ஒரு தடவை இந்த வீட்டுக்கு வந்து போனதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். அப்பாவுக்குக் கண் பரிசோதனை. நாங்கள் இருவரும் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தோம்.


ஜூலை 9 – சனி

நான்காவது வடிவம் வந்திருக்கிறது. 1996-இல் திண்டுக்கல் பக்கத்துக் குழு ஒன்று ஊர் ஊராகப் போட்டது. கல்யாண வீடியோ எடுக்கிறவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். நடிகர் பெயர்கள் எதுவும் இல்லை.

இன்றைக்குப் பார்க்கவில்லை. பரணைச் சுத்தம் செய்தேன்.


ஜூலை 10 – ஞாயிறு

ஆராதனை. வந்து ரசம் வைத்தேன். வீடியோ பார்க்கவில்லை.


ஜூலை 12 – செவ்வாய்

பாத்திமுத்து போன் செய்தாள். "பாத்தீங்களா மேடம்?" கண்ணில் கொஞ்சம் நீர் வடிகிறது என்றேன். பொய் இல்லை, காலையில் வடிந்தது.


ஜூலை 14 – வியாழன்

பார்த்தேன்.

மேடைகூட இல்லை. ஒரு மைதானம், நான்கு கம்பத்தில் பல்பு. கதவு இல்லை, வீடு இல்லை, தமக்கை இல்லை. கடைசிக் காட்சியில் நித்திலக்கோதை நடுவில் வருகிறாள். யாரோ பின்னாலிருந்து ஒரு குடம் தண்ணீரை அவள் தலையில் ஊற்றுகிறார்கள். அதுதான் மழை. அவள் நேராகக் கூட்டத்தைப் பார்த்து, காற்றில் கையை வைத்துத் தட்டுகிறாள். மத்தளம் ஒலிக்கிறது.

முகத்தில் தண்ணீர் வழிந்து, முடி ஒட்டி, அவள் நிமிர்ந்தபோது லீதியாள் என்று தெரிந்தது.

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். என்னிடம் இருக்கும் கடைசிப் படம் அவளது பட்டமளிப்பு விழாவில் எடுத்தது.

நிறுத்தினேன். கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன். பிறகு வந்து போட்டேன்.

நாடகத்தில் இல்லாத வசனம் பேசுகிறாள். கொற்கைத் தமிழ் இல்லை, எங்கள் வீட்டுத் தமிழ்.

"எக்கா. நீ உள்ள நிக்க. எனக்குத் தெரியும். கதவுக்கு அடியில ஒங்காலு தெரியுதுக்கா. பெருவெரல் நகம் கறுத்துப்போயிருக்கு, என்ன விழுந்துச்சு காலுல? மருந்து போட்டியா? நான் ஒண்ணும் கேக்க வரலக்கா. சும்மா ஒன்னையப் பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

படம் பிடித்தவர் ஒரு நொடி காமிராவைக் கூட்டத்தின் பக்கம் திருப்புகிறார். முன்வரிசையில் சம்மணம் போட்டும் கால்நீட்டியும் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொள்கிறார்கள்.


ஜூலை 15 – வெள்ளி

1990 அக்டோபரில் நூலகத்தில் அட்டவணைப் பெட்டி ஒன்று என் வலது காலில் விழுந்தது. நகம் கறுத்து, விழுந்து, மறுபடி முளைக்க மார்ச் ஆனது.


ஜூலை 17 – ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. எழுதிவிடுகிறேன்.

1990 நவம்பர் 8, வியாழன். மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனது அதற்கு அடுத்த வாரம். அன்றைக்கு நான் வீட்டில் இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், கதவு தட்டும் சத்தம் கேட்டது. போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோது, "எக்கா" என்றாள். கையை எடுத்துவிட்டேன். அவள் பேசியதெல்லாம் வீடியோவில் இருப்பதுதான். ஒரு வார்த்தை மாறவில்லை. பிறகு போய்விட்டாள்.

அப்பா மாடியில் படுத்திருந்தார். திறந்திருந்தால் அவருக்குக் கேட்டிருக்கும்.

எனக்கு வேறு வழி இல்லை.


ஜூலை 19 – செவ்வாய்

மூன்று மணிக்கு வாசல்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. யார் வருவார்கள்? நாலரைக்குச் சாத்தினேன்.


ஜூலை 20 – புதன்

இன்றும்.

பாத்திமுத்து கட்டுரை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாள். "என்ன மேடம், இந்த வெயில்ல சாக்ஸ் போட்டிருக்கீங்க?" என்றாள். கால் சில்லிட்டுப் போகிறது என்றேன்.

நான்காவது வடிவத்தில் நடித்தது என் தங்கை என்று சொன்னேன். அவள் வாயில் வைத்த பிஸ்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"வீடியோ குடுத்தவரு கதிரேசன்னு ஒருத்தர் மேடம். கருத்தரங்குக்கு அவரையும் கூப்பிட்டிருக்கேன். வேண்டாம்னா சொல்லுங்க, நிப்பாட்டிருதேன்."

"வரட்டும்" என்றேன்.


ஜூலை 22 – வெள்ளி

பரணிலிருந்து எடுத்துப் போட்டதில் ஒரு டிரங்குப் பெட்டி. உள்ளே என் நிச்சயதார்த்தப் புடவை. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நாசரேத்தில் ஒரு ஆசிரியர் குடும்பம். 1990 ஜனவரியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். லீதியாள் போன மறுமாதம் ஆள் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கை இப்படியென்றால் அக்கா எப்படியோ என்று யோசித்திருப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதன்பிறகு இரண்டு மூன்று இடம் வந்தது, எதுவும் அமையவில்லை. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. வேலை இருந்தது, அப்பா இருந்தார்.

புடவை மடிப்பில் நைந்துபோயிருந்தது. வெயிலில் போட்டேன்.


ஜூலை 24 – ஞாயிறு

கதிரேசன் போன் செய்தார். பாத்திமுத்து எண்ணைக் கொடுத்திருக்கிறாள்.

"மதினி, நான் கதிரேசன் பேசுறேன். நல்லாருக்கீங்களா?"

முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலைக் கேட்கிறேன். ஒரு குறையும் சொல்லாத குரல். பிள்ளைகள் இல்லை, தனியாகத்தான் இருக்கிறாராம். மத்தளம் வாசிப்பதை விட்டு ஏழு வருடம். கை நடுங்குகிறதாம்.

"அந்தக் கடைசி சீனு நாங்க எழுதினது இல்ல மதினி. அவளா ஒரு நாள் பேச ஆரம்பிச்சா. அப்பறம் அதையேதான் ஒவ்வொரு ஊர்லயும் பேசினா. நூத்தி நாப்பது ஆட்டம். ஒரு எழுத்து மாத்தல."

"நீங்க கேக்கலியா, ஏன் இப்படிப் பேசுறேன்னு?"

"கேட்டேன். கருத்தரங்குக்கு வர்றேன்ல, நேர்ல சொல்றேன்."


ஜூலை 31 – ஞாயிறு

மறுபடி போன் செய்தார். மீன் குழம்பு பற்றிப் பேசினோம். லீதியாளுக்குப் புளி கூடிப்போகுமாம் எப்போதும். எனக்கும்தான் என்றேன். சிரித்தார்.


ஆகஸ்ட் 3 – புதன்

பள்ளி ஆண்டுவிழாவுக்கு அப்பா இந்த நாடகத்தைப் போட்டார், 1978-இல். லீதியாள்தான் நித்திலக்கோதை, பன்னிரண்டு வயது. தமக்கையாக நிற்க ஒரு பிள்ளையும் முன்வரவில்லை, வசனம் இல்லை என்பதால். நான் கல்லூரி சேர்ந்திருந்தேன், இருந்தாலும் அப்பா என்னை நிற்க வைத்தார். அட்டையில் செய்த கதவு. தட்டினால் சரியும் என்று பின்னாலிருந்து நான் பிடித்துக்கொள்ள வேண்டும். லீதியாள் தட்டிவிட்டுக் கதவோரமாகக் கிசுகிசுத்தாள்: "எக்கா, நல்லாப் புடிச்சுக்கோ."


ஆகஸ்ட் 7 – ஞாயிறு

கதிரேசன் போன். கத்தரிக்காய் விலை, அவர் தெருவில் நாய்த்தொல்லை. வைக்கும்போது, "உங்க குரலு அவ குரலு மாதிரியே இருக்கு மதினி. அதுக்காகத்தான் பண்றேன், தப்பா நினைக்காதீங்க" என்றார்.


ஆகஸ்ட் 10 – புதன்

கட்டுரையைத் திருத்தினேன். தொலைக்காட்சித் தொடரைப் பற்றி எழுதியிருந்த ஆறு பக்கத்தில் நான்கை அடித்துவிட்டேன். அந்த இயக்குநர் தமக்கையைக் காப்பாற்றுவதற்காக ஒரு பூட்டையும் சாவியையும் கண்டுபிடித்திருக்கிறார். மூலத்தில் பூட்டு எங்கே இருக்கிறது? பாத்திமுத்து கேட்டது சரிதான். தகப்பன் அந்தக் காட்சியில் இல்லை.

சபா நாடகத்துக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தேன். அது ஐந்து பக்கமாகிவிட்டது. அந்தக் குழுவில் தமக்கையாகப் பேசிய பெண் யார் என்று தெரியவில்லை. "தட்டடி, தட்டு" என்று கத்திவிட்டு, சிரிப்பு அடங்கியதும், மிக மெதுவாக இன்னொரு வார்த்தை சொல்கிறாள். ஒலிநாடா இரைச்சலில் முதலில் எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். "போயிடாதே" என்கிறாள்.


ஆகஸ்ட் 12 – வெள்ளி

கருத்தரங்கு. நான் முப்பத்தைந்து நிமிடம் வாசித்தேன். நல்ல கூட்டம். தமக்கை குற்றவாளி இல்லை என்று காட்டுவதற்காகவே திரைப்படமும் தொடரும் கதையை மாற்றின, மாற்றாமல் அவளை நேருக்கு நேர் பார்த்தவை மற்ற இரண்டும்தான் என்று முடித்தேன். கை தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் வெள்ளை வேட்டியில் மெலிந்த ஒருவர் தட்டாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த அவர் கை நடுங்கியது. கதிரேசன்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். வாசல்படியில் நின்று கதவை மேலும் கீழும் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார்.

சாப்பிட்டார். மீன் குழம்பில் புளி கூடியிருந்தது. தெரிந்தே ஊற்றிக்கொண்டார்.

கை கழுவி வந்து உட்கார்ந்ததும் சொன்னார்.

"அன்னைக்கு நெல்லையில எங்களுக்கு ஒரு ஆட்டம் இருந்துச்சு மதினி. ரெண்டு மணி நேரம் கெடச்சுது. அக்காவப் பாத்துட்டு வந்துர்றேன்னு கெளம்பி வந்தா. திரும்பி வந்தப்ப தொப்பலா நனஞ்சிருந்தா. ஆனா உங்க மேல அவளுக்குக் கோவமே கெடையாது. அத நீங்க தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் நான் வந்தேன்."

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அப்பா உள்ள இருந்தாரு, அக்கா என்ன செய்வா பாவம்னுதான் சொல்லுவா. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னுருக்கணும், அவரு அசந்த நேரம் பாத்து அக்கா தொறந்திருப்பா, நான்தான் பொறுக்காம வந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுவா. ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு மாசம் அதேதான். 'அவசரப்பட்டுட்டேங்க. அக்கா தொறந்து பாத்திருப்பா, நான் அங்க இருந்திருக்க மாட்டேன்.' உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னா மதினி."

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். அவர் ஊருக்குப் போய் நிம்மதியாக இருந்திருப்பார். ஞாயிறுதோறும் போன் வந்திருக்கும்.

"எங்கப்பா அன்னைக்கு வீட்டுல இல்ல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.

"ஊர்லயே இல்ல. ஒரு கூட்டத்துக்காகக் கோவில்பட்டி போயிருந்தாங்க. மறுநாள் மத்தியானந்தான் வந்தாங்க. வீட்டுல நான் மட்டுந்தான் இருந்தேன். தொறந்திருந்தா யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அப்பறம் ஏன்?"

"அவ குரல்ல ஒரு கஷ்டமும் இல்ல. நல்லா இருந்தா. என் கல்யாணம் நின்னு பத்து மாசம். அவ வந்து நின்னு, 'சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்'ங்கா. அழுதுக்கிட்டு வந்திருந்தா தொறந்திருப்பேன். அவ நல்லா இருக்கது எனக்குப் பொறுக்கல."

கூடத்தில் காலண்டர் தாள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எதுக்கு எங்கிட்ட சொன்னீங்க?"

"சொல்றதுக்கு வேற யாரும் இல்ல."

"இருவது வருசம் அவ தன்னையே திட்டிக்கிட்டா, தெரியுமா உங்களுக்கு? நான் பக்கத்துல இருந்து பாத்தேன்."

எழுந்தார். பையை எடுத்தார். ஏழு மணிக்குத்தான் பஸ், இருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கத்திலும் அவர்கள் பக்கத்திலும் யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் ஒரு வீட்டைவிட்டு இறங்க மாட்டார்கள். அவர், "போறேன்" என்றார்.


ஆகஸ்ட் 13 – சனி

ஜூலை 4-ஆம் தேதி எழுதியதையும் ஜூலை 17-ஆம் தேதி எழுதியதையும் படித்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். நூலகத்தில் முப்பத்தைந்து வருடம் பக்கம் கிழிக்கிறவர்களைப் பிடித்து அபராதம் போட்டவள். கிழிக்கவில்லை. இரண்டின் ஓரத்திலும் 'தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.


ஆகஸ்ட் 14 – ஞாயிறு

போன் வரவில்லை.


ஆகஸ்ட் 17 – புதன்

பாத்திமுத்து கட்டுரைகளைப் புத்தகமாகப் போடுகிறாள். நான்காவது வடிவத்துக்கு நடிகையின் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டாள். லீதியாள் கதிரேசன் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுவது இதுதான் முதல் தடவை. அவள் கேட்டாள்: "அக்கா பேரு எப்சிபான்னு கீழ குறிப்புப் போடலாமா மேடம்?" வேண்டாம் என்றேன்.


ஆகஸ்ட் 21 – ஞாயிறு

வரவில்லை. மூன்று மணிக்குக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டுவது போல் இருந்தது. போய்ப் பார்த்தால் எதிர்வீட்டில் ஆணி அடிக்கிறார்கள். இத்தனை வருடமும் எங்காவது ஆணி அடித்தால் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.


ஆகஸ்ட் 28 – ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சேலைகூட மாற்றாமல், நானே கூப்பிட்டேன். நான்கு தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"நான் எப்சிபா" என்றேன்.

அந்தப் பக்கம் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு பழவண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். கதிரேசனின் மூச்சு கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை யோசித்து வைத்திருந்தேன். அது வரவில்லை. நல்லதுதான்.

பிறகு அவர் கேட்டார்.

"எத்தன தடவ தட்டினா?"

"பதினோரு தடவ" என்றேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை.